இனி யாரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன், சரிதானா?

கேள்வி, 9 பிப்ரவரி 2025

பென்னாகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருடம் ஒன்றாக வேலைக்குப் போய் ஒன்றாகச் சாப்பிட்ட ஒருவருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். போன அக்டோபரிலிருந்து ஆள் ஊரில் இல்லை, போன் எடுப்பதில்லை. இப்போது எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பணம் போவது ஒரு பக்கம். மனிதரைத் தெரிந்துகொள்ளவே எனக்குத் தெரியாது போலிருக்கிறதே என்று ராத்திரியெல்லாம் மனசு அதிலேயே ஓடுகிறது. இனி யாரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். தப்பு என்று நினைப்பவர்கள் சொல்லுங்கள்.

9 பிப்ரவரி, இரவு 10.40

தப்பு என்று சொல்ல வரவில்லை அண்ணா. நானும் இப்போது அதே இடத்தில்தான் நிற்கிறேன். ஊத்தங்கரைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது, மகளிர் குழுவில் ஆறு வருடமாக ஊக்குநர், குழுவை நடத்திக் கணக்கு நோட்டு எழுதும் பொறுப்பு. பதினான்கு பேர். போன வருடம் மார்ச்சில் வங்கியில் 4,20,000 ரூபாய் கடன் எடுத்து ஆளுக்கு 30,000 பிரித்துக்கொண்டோம். மாதத் தவணை ஒருவருக்கு 1,420. ஒருவர் கட்டாவிட்டால் மீதிப் பதின்மூன்று பேர் கட்ட வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

டிசம்பர் 1 ராத்திரி பெய்த மழை உங்களுக்கும் தெரிந்திருக்கும். மறுநாள் காலை எட்டரை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பஸ் நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் குழுவில் தையல் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய முன் அறையில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு மெஷின், ஒன்றுக்கு மோட்டார் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. தை மாதக் கல்யாணங்களுக்கு வந்திருந்த ஜாக்கெட் துணியெல்லாம் சேற்றில். துணி கொடுத்தவர்கள் வந்து பணம் கேட்டார்கள். அரசு நிவாரணம் அறிவித்தபோது மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று இருந்தது. தையல் மெஷினுக்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை. டிசம்பர் மூன்றாவது வாரம் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். மொரப்பூரில் ரயில் ஏறினார் என்று ஒருவர் சொன்னார், திருப்பூர் என்று இன்னொருவர். போன் ஸ்விட்ச் ஆஃப்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று தவணை நிற்கிறது. அவரைக் குழுவில் சேர்க்கச் சொல்லி ஐந்து வருடத்துக்கு முன் பேசியவள் நான். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் ராத்திரி தூக்கம் போவது எனக்கும் நடக்கிறது.

9 பிப்ரவரி, 11.15

ஒன்று விட்டுப்போயிற்று. நோட்டீஸ் வந்ததும் நகையை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கடனில் அசல் எவ்வளவு பாக்கி, வட்டி எவ்வளவு, அவர் கடைசியாக எப்போது கட்டினார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜாமீன் போட்டவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. பயத்தில் வாய்வார்த்தைத் தொகையை நம்பிக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

12 பிப்ரவரி

"குழு என்பதே ஏமாறுவதற்கான ஏற்பாடு" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை மட்டும் விட முடியாது.

தமிழ்நாட்டில் இந்த மகளிர் குழுத் திட்டம் முதலில் தொடங்கியதே நம் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, அது 2004இல் வந்தது. எங்கள் அம்மா 1993இல் சேர்ந்தார். மாதம் இருபது ரூபாய். அந்த இருபது ரூபாயைக் களிக்கு மாவு வாங்கும் காசிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார், அப்பாவுக்குத் தெரியாது. ஈடாக வைக்க எதுவுமில்லாத பெண்களுக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது என்று வங்கிகள் யோசித்த காலம் அது. 1992இல் நபார்டு என்ற தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி 500 குழுக்களை வைத்துத்தான் சோதனை செய்து பார்த்தது. அந்தக் குழுக்களிடம் நிலப் பத்திரம் இல்லை, நகை இல்லை. கூட்டம் தவறாமல் நடந்ததா, யார் எவ்வளவு போட்டார்கள், யார் வாங்கித் திருப்பினார்கள் என்று எழுதிய நோட்டு இருந்தது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தார்கள்.

ஏமாறியவர்கள் உண்டு. அம்மாவின் குழுவே இரண்டு முறை உடைந்து திரும்பச் சேர்ந்தது. ஆனால் இப்படி ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தது அந்தப் பணத்தில்.

2 மார்ச், ஞாயிறு

இன்று கூட்டம். சண்டை என்றே சொல்ல வேண்டும்.

தையல் அக்காவின் சேமிப்பு 11,000 குழுவில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டுப் பேரை அடித்துவிடலாம் என்றார்கள் நாலு பேர். அவருடைய அம்மா வீடு சிங்காரப்பேட்டையில் இருக்கிறது, எல்லோரும் போய் வாசலில் உட்காரலாம் என்றார் ஒருவர். வாரத் தவணைக் கடன் கொடுக்கும் ஆட்கள் அப்படித்தான் உட்காருகிறார்கள். நாமும் அதையே செய்தால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அதற்கு மாட்டுக்கார அண்ணி, "எனக்கும் ரெண்டு ஆடு போச்சு. நான் ஓடினேனா? ராத்திரி பூக்கட்டி தவணை கட்டினேன். நல்லா கட்டுறவங்களுக்குத்தான் இங்க தண்டனை" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது நியாயம். அந்த நியாயம் இன்னும் என் காதில் நிற்கிறது.

கடைசியில் மே மாதம் வரை பொது நிதியிலிருந்து கட்டுவது, யாரும் சிங்காரப்பேட்டை போகக் கூடாது என்று முடிவாயிற்று. எட்டுக்கு ஐந்து.

3 மார்ச்

நேற்று எழுத மறந்தது. எங்கள் குழுவில் எழுபது தாண்டிய பெரியம்மா ஒருவர் இருக்கிறார், அம்மா காலத்து ஆள். கைநாட்டில் தொடங்கி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பழைய சிலேட்டில் எழுதிப் பழகிக் கையெழுத்துக்கு வந்தவர். கூட்டம் முடிந்து எல்லோரும் முறைத்துக்கொண்டு எழுந்தபோது, "அவ போட்ட கையெழுத்தைக் காட்டு" என்றார். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா எழுதத் தெரிஞ்சவ எங்கேயோ இருந்து ஒரு கடுதாசி போட்டிருக்கலாம், எனக்குத்தான் எழுத்து வர நாற்பது வருஷம் ஆச்சு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அண்ணியும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எங்களை அறுப்பது 1,420 ரூபாய் இல்லை. சொல்லாமல் போனது. "முடியவில்லை" என்று வாசலில் வந்து நின்றிருந்தால் இந்த எட்டுக்கு ஐந்தே வந்திருக்காது. அண்ணா, உங்களுக்கும் அப்படித்தானா?

6 ஏப்ரல்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மேலே நான் எழுதியதைத் திருத்த வேண்டும்.

மூன்று தவணை நிற்கிறது என்று பிப்ரவரியில் எழுதினேன். அது தப்பு. இரண்டுதான் நின்றது. டிசம்பர் தவணையை அவர் கட்டியிருக்கிறார்.

வருடக் கணக்கை முடிக்க நேற்று ரொக்கப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். டிசம்பரில் என் கையெழுத்தில் ஒரு வரி: "இதர வரவு 1,420." அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. நடந்தது இதுதான். டிசம்பர் 1 ஞாயிறு, கூட்டம் நடக்க வேண்டிய நாள். மழை வரும் என்று சொன்னதால் சிலர் சனிக்கிழமையே, பணம் வாங்கி வைக்கும் குழுப் பிரதிநிதியின் வீட்டில் பணத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறார். ராத்திரி அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர். நோட்டுகளைத் துணிக்கொடியில் காய வைத்தோம், சீட்டு கூழாகிவிட்டது. யார் யார் கொடுத்தார்கள் என்று ஞாபகத்திலிருந்து எழுதினோம். ஒருவருடையது விட்டுப்போயிற்று. பணம் கூடுதலாக வந்தபோது குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் உள்கடனுக்கு வந்த வட்டியாக இருக்கும் என்று நினைத்து இதர வரவில் போட்டேன். தவணைத் தொகை எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அந்த எண்ணை என் கையால் எழுதிவிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்று காலை கூட்டத்துக்கு முன்பே பிரதிநிதியிடம் போய்க் கேட்டேன். கண்ணை மூடி யோசித்தார். "ஆமா, குடை பிடிச்சிக்கிட்டு வந்தா, உள்ள வரமாட்டேன்னா, வாசல்லயே கொடுத்துட்டுப் போனா" என்றார். அழுதுவிட்டார்.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. ஊக்குநர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

6 ஏப்ரல், இரவு

பிற்பாடு நாலு மாதம் அவர் கட்டாதது உண்மைதான், 5,680 நிற்கிறது. ஆனால் டிசம்பரே கட்டவில்லை என்ற பேச்சு ஊரெல்லாம் போயிற்று, அதைத் தொடங்கி வைத்தது என் நோட்டு. அவரைத் தெரிந்துகொள்ளத் தவறிவிட்டேனோ என்று இரண்டு மாதமாகப் புலம்பினேன். தெரிந்துகொள்ளாமல் இருந்தது என் கணக்கை.

9 ஏப்ரல்

விலகலை ஏற்கவில்லை. இனி கணக்கை எழுதுபவர் ஒருவர், அதே நாளில் சத்தமாக வாசித்துச் சரிபார்ப்பவர் வேறொருவர் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கொண்டு வந்தவர் மாட்டுக்கார அண்ணி. என்மேல் சந்தேகமா என்று முதலில் சுருக்கென்றது. ராத்திரி படுத்தபோது, தோளிலிருந்து நெல் மூட்டையை இறக்கியது போலிருந்தது. இன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

28 ஏப்ரல்

தையல் அக்காவின் பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். மகளின் தோழி மூலமாக அவன் எண் கிடைத்தது. போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை, குரலில் பேசி அனுப்பினேன்: "அக்கா, உங்க டிசம்பர் தவணை வந்திருக்கு, நான்தான் தப்பா எழுதிட்டேன். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்." வேறெதுவும் சேர்க்கவில்லை, மீதி எப்போது என்றும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் புது எண்ணிலிருந்து அழைப்பு. முதல் நிமிடம் இரண்டு பக்கமும் பேச்சில்லை, பின்னால் பனியன் கம்பெனி மெஷின் சத்தம் மட்டும். அப்புறம் அவர் சொன்னார். துணி கொடுத்தவர்களும் வாரத் தவணைக்காரர்களும் மாற்றி மாற்றி அழைத்ததால்தான் போனை அணைத்தாராம். எங்களுக்கு மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று ஜனவரி தொடக்கத்தில் ஒரு நாள் கடையிலிருந்து ஊருக்குப் பேசியிருக்கிறார். பேசியது யாரிடம் என்று சொல்ல மறுத்துவிட்டார். அந்தப் பக்கம், "டிசம்பரே கட்டாம ஓடிட்டியேடி" என்றார்களாம். "கையில கொடுத்ததையே கொடுக்கலைன்னு சொல்றாங்க, இனி நான் பேசி என்ன ஆகப்போகுதுன்னு வெச்சிட்டேன்" என்றார்.

ஆக இங்கே நாங்கள் அவர்மேல் நம்பிக்கை இழந்த அதே வாரத்தில் அங்கே அவர் எங்கள்மேல் இழந்திருக்கிறார். இது எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

சாயந்திரம் ஜிபேயில் 3,000 வந்தது.

30 ஏப்ரல்

கடன் வசூலில் மிரட்டுவதையும் வற்புறுத்துவதையும் தடுக்கும் மசோதா இந்த வாரம் சட்டமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அக்காவுக்கு அனுப்பி வைத்தேன். வாசலில் உட்காருவது, ஆட்களை விட்டுத் தொந்தரவு செய்வது எல்லாம் அது சட்டமானதும் குற்றம். ஆனால் கடன் வாங்கியவருடைய வெட்கத்தை எந்தச் சட்டத்தால் எடுக்க முடியும்? திருப்பூரில் அவர் மறைந்திருந்தது பாதி அதற்காகத்தான்.

24 மே

பென்னாகரத்து அண்ணா எழுதியதைப் படித்தேன். கணக்கைக் கேட்டு வாங்கியதில் நோட்டீஸில் இருந்ததைவிடப் பாக்கி குறைவு, அவர் நண்பர் செப்டம்பர் வரை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார் என்று தெரிந்ததாம். ஆள் இன்னும் கிடைக்கவில்லை. "செப்டம்பர் வரை கட்டியவன் என்னை ஏமாற்ற வேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருக்க மாட்டான், அதுவரைக்கும் நான் பார்த்த ஆள் பொய்யில்லை" என்று எழுதியிருக்கிறார். அதோடு ஜாமீன் போட்ட அண்ணா தவணை கட்டத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. என் அக்கா திரும்பப் பேசியதால் உங்கள் நண்பரும் பேசுவார் என்று நான் சொல்ல மாட்டேன் அண்ணா. பேசாமலே போகலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடத்தைக் கழித்துவிடாதீர்கள்.

8 ஜூன்

கொஞ்சம் வேறு பேச்சு. மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட அதியமானைப் பற்றி ஔவை பாடியதை எனக்கு விளக்கினாள். ஒரு நாள் போனாலும் பல நாள் போனாலும் முதல் நாள் போலவே வரவேற்பானாம். பரிசு தருவது தள்ளிப்போனாலும், யானை தன் கொம்புகளுக்கு நடுவே வைத்துக்கொண்ட கவளம் மாதிரி, வந்தே தீருமாம், கவலைப்படாதே நெஞ்சே என்கிறாராம். நம்ம தர்மபுரியைப் பற்றி இப்படியெல்லாம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்தது வேறு: ஔவை காத்திருக்கும்போது அவருக்கும் மனசு ஆடியிருக்கிறது, அதனால்தான் நெஞ்சுக்குச் சமாதானம் சொல்கிறார்.

10 ஜூன்

"எங்கள் பக்கத்து யானை கவளத்தோடு ராகி வயலையும் சேர்த்தே கொம்புக்கு நடுவில் வைத்துக்கொள்ளும், அது திரும்ப வராது" என்று அண்ணா எழுதியதைப் படித்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கதிர் முற்றும் காலத்தில் பரணில் விழித்திருப்பவருக்குத்தானே தெரியும்.

6 ஜூலை, ஞாயிறு

எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, அத்தனையும் பெங்களூரா என்ற ரகம். போன வருடம் வெயிலில் பூ கருகிக் காய்ப்பில்லை. இந்த வருடம் கிளை தாங்காத காய்ப்பு, வாங்க ஆளில்லை. கூழ் ஆலைக்குப் போகிற காய் இது, கிலோ நாலு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் கேட்டார்கள். பறிகூலியும் வண்டி வாடகையும் போட்டால் கையிலிருந்து போகும். கடைசி இரண்டு வாரம் பறிக்கவே இல்லை. தோப்பு முழுக்கப் புளித்த வாசனை, கால் வைத்தால் ஈ எழும்புகிறது. வீட்டுக்காரர் அந்தப் பக்கமே போவதில்லை.

இந்த மாதத் தவணை என்னிடம் இல்லை.

வியாழக்கிழமையே அண்ணி வீட்டுக்குப் போனேன். பால் கறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னேன். சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு நேரமானது தெரியுமா? செம்பு நிறைந்துவிட்டது. "சரி, இந்த மாசம் நான் போடறேன். நீ முன்னாடியே சொன்னே, அவ சொல்லல, அதான் வித்தியாசம்" என்றார்.

அந்த வித்தியாசத்தை மார்ச்சில் நானே எழுதியிருக்கிறேன், மேலே இருக்கிறது. ஆனால் இன்று அது எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. எனக்குச் சொந்த வீடு, ஊக்குநர் என்ற பேர், நோட்டு என் கையில், நடந்து போனால் அண்ணி வீடு. அப்படியிருந்தும் தொண்டை அடைத்தது. வாடகை வீட்டில் சேற்றுத் துணி மூட்டையோடு, வாசலில் ஆட்கள் நிற்க, அவர் வந்து சொல்லியிருக்க வேண்டும் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்.

அண்ணியிடம் இதைச் சொன்னேன். "நீ அவளுக்கு ரொம்பத்தான் பரிஞ்சு பேசறே" என்றார். பால் செம்போடு உள்ளே போய்விட்டார்.

7 செப்டம்பர், ஞாயிறு

தையல் அக்கா இன்று கூட்டத்துக்கு வந்தார். நேற்று ராத்திரி ரயில். கோயில் மண்டபத்தில் எப்போதும் உட்காரும் தூண் ஓரத்திலேயே உட்கார்ந்தார், அந்த இடம் எட்டு மாதமாகக் காலியாகத்தான் இருந்தது, யாரும் சொல்லி வைத்ததில்லை. இளைத்துவிட்டார். ஜூனில் ஒரு 2,000 அனுப்பியிருந்தார், இன்று 4,000 கொடுத்தார். ஜனவரியிலிருந்து கணக்குப் பார்த்தால் 3,780 இன்னும் நிற்கிறது. அதைச் சொல்லி, கார்த்திகைக்குள் முடிக்கிறேன் என்றார். பெரியம்மா அவர் கன்னத்தைத் தடவிவிட்டு, கடுதாசி எங்கே என்று கேட்டார். மாட்டுக்கார அண்ணி பேசவில்லை. இருவருக்கும் நடுவில் டீ டம்ளர் வந்தபோது எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார், முகத்தைப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வர ஒரு பழைய மெஷின் வாங்க உள்கடன் 6,000 வேண்டும் என்று அக்கா கேட்டார். பாக்கி இருக்கும்போது புதுக் கடனா என்று பேச்சு வந்தது, வரத்தானே செய்யும். பாக்கி முடிந்ததும் கொடுப்பது என்று ஒன்பது பேர் கைதூக்கினார்கள். இன்றே கொடுக்கலாம் என்று தூக்கிய நாலு கையில் என்னுடையது ஒன்று.

தீர்மானத்தை எழுதி முடித்தேன். வாசித்துச் சரிபார்க்கும் முறை இந்த மாதம் வேறொருவருக்கு, அவர் வரவில்லை. நோட்டைத் தையல் அக்காவிடம் நீட்டினேன். கொஞ்சம் தயங்கி வாங்கினார். துணியில் அளவு பார்ப்பது போல விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். இரண்டாவது பக்கத்தில் எழுபது ரூபாய் இடிக்கிறது என்றார்.

பார்த்தேன். இடித்தது.